கண்ணெதிரே ஒடிந்த கிளை

இன்று எங்கள் விருத்தாசலத்தில் மலர்க் கண்காட்சி. நிற்க இடமில்லாத கூட்டம்.

எங்கள் ஊர் செராமிக் ஆலையில் கழித்துப் போட்ட ஊறுகாய் ஜாடியில் ஓட்டை போட்டு, ஒன்பது வருடமாக நான் வளர்த்த அடீனியம் பூச்செடியும் போட்டியில் இருந்தது.

நடுவர்கள் வருவதற்குள் ஒரு பெண், பூத்திருந்த கிளையைப் படக்கென்று ஒடித்துப் பைக்குள் போட்டார். நான் பார்ப்பதைக் கண்டதும் என்னிடமே சொன்னார்:

"நீங்களும் ஒண்ணு ஒடிச்சுக்குங்கக்கா. கேட்டு வாங்கி வெச்சா வராது. திருடி வெச்சாதான் வேர் வுடும்."

"இது என் செடிங்க."

அவர் அசரவே இல்லை. "அப்டியாக்கா? நல்லதாப் போச்சு. தண்ணி எத்தினி நாளைக்கு ஒருக்கா ஊத்தணும்?"

"ஒரு வாரம் நிழல்ல காயவிட்டு நடுங்க" என்று என் வாயே சொன்னது.

பரிசு போய்விட்டது. இந்தச் செடி முதலில் என் வீட்டுக்கு எப்படி வந்தது என்று மட்டும் கமெண்ட்டில் யாரும் கேட்காதீர்கள்.