கை நின்ற இடம்

சமையலறை மூலையில் அந்த நீலப் பேசன் இன்னும் இருக்கிறது. இறால் கோது உரிக்க என்று வாங்கியது. விளிம்பில் ஒரு வெடிப்பு. எறியச் சொல்லி மகள் நச்சரிக்கிறாள், நான் விடுவதாயில்லை. அதற்கு எதிரே சின்னக் கதிரையில் இருந்துதான் என் தங்கை தன் வானொலி நிகழ்ச்சிக்கு எழுதியதை அக்காவான எனக்கு வாசித்துக் காட்டுவாள்.

தொண்ணூறில் முஸ்லிம்களை விரட்டியபோது மன்னாரை விட்டு வந்து புத்தளத்தில் ஓலைக் கொட்டிலில் ஒதுங்கியதோடு என் படிப்பு நின்றது. கைக்குழந்தையாக வந்த அவள் படித்தாள். யுத்தம் முடிந்து சில வருடங்களில், கற்பிட்டிப் பக்கத் தோட்டக் கிணறுகளின் தண்ணீரை ஆராயும் வேலைக்குச் சேர்ந்தாள். போத்தல் போத்தலாக அள்ளிக்கொண்டு போவாள். கிணற்றுக்குள் விழுந்துவிடுவாளோ என்று எனக்குப் பயம். எனக்கு எதற்குத்தான் பயமில்லை!

ஒரு நாள் நுரைச்சோலையில் ஒரு தோட்டக்காரப் பெண், இடுப்பில் பிள்ளையோடு அவளை மறித்தாளாம். "மிஸ், போன வருஷமும் தண்ணி அள்ளிட்டுப் போனீங்க. இந்தப் புள்ளைக்கு இதக் குடுக்கலாமா, ஏலாதா?" தங்கை நைத்திரேற்றுச் செறிவு, அனுமதிக்கப்பட்ட எல்லை என்று தொடங்கியிருக்கிறாள். "தமிழ்ல சொல்லுங்க மிஸ்" என்றாளாம் அந்தப் பெண். அன்று தங்கை சோற்றைப் பிசைந்தபடியே இருந்தாள். "தமிழ்லதான் ராத்தா சொன்னன். என்ட கட்டுரைய வெளிநாட்டுல வாசிக்கிறாங்க. அந்தத் தண்ணியக் குடிக்கிற மனுசிக்கு ஒரு வசனம் சொல்ல எனக்குத் தெரியல்ல."

அடுத்த வருடம் ஆராய்ச்சியை விட்டுவிட்டு, விஞ்ஞானத்தைச் சனங்களுக்கு விளங்கச் சொல்லும் வானொலி வேலைக்குப் போனாள். நான் அழுது தீர்த்தேன். "படிச்ச படிப்ப விட்டுட்டு ரேடியோவுல கதைக்கப் போறியா? நாளைக்கு அதையும் மூடினா என்ன செய்யப் போறாய்?"

"மூடினா உங்களோட இருந்து இறால் உரிக்கிறன்" என்று சிரித்தாள்.

விளங்கியதா என்று என்னிடம் ஒருநாளும் கேட்கமாட்டாள். கேட்டால் விளங்காவிட்டாலும் ஓம் என்பேன் என்று அவளுக்குத் தெரியும். வாசித்துக்கொண்டே என் கையைப் பார்ப்பாள். விளங்காத இடத்தில் உரிக்கிற கை நின்றுவிடுமாம். அது எனக்கே தெரியாது. "இந்தா, நிண்டுட்டுது" என்று அந்த வசனத்தை வெட்டிவிட்டு வேறு எழுதுவாள். முதன்முதல் அவள் சொன்னது அந்தக் கிணற்றுத் தண்ணீரைப் பற்றித்தான். கொதிக்க வைத்தாலும் அதில் இறங்கிய உரம் போகாது, கைப்பிள்ளைக்குக் கொடுக்க வேண்டாம். என் கை ஓரிடத்திலும் நிற்கவில்லை. அந்தப் பெண் அதைக் கேட்டாளோ என்னவோ, தெரியாது.

பிறகு ஒரு பின்னேரம், கொழும்பு ஆஸ்பத்திரியிலிருந்து வந்தவள் கைப்பையைக்கூடக் கழற்றாமல் அந்தக் கதிரையில் இருந்தாள். கையில் தாள் இல்லை. "ராத்தா, ஈரல்ல ஒரு கட்டி. மத்த இடத்துக்கும் பரவிட்டுது. மருந்து நோவக் குறைக்கும், நோய மாத்தாது." நிகழ்ச்சியில் கதைக்கும் அதே குரல். என் கை நின்றது.

அவள் பார்த்துவிட்டாள். "எங்க ராத்தா விளங்கல்ல?" என்றாள், ஒருநாளும் கேட்காதவள்.

"எல்லாம் விளங்கிட்டுது" என்றேன்.

அவள் குனிந்து, பேசனிலிருந்து ஓர் இறாலை எடுத்து உரிக்கத் தொடங்கினாள்.

அடுத்த நோன்பு வருமுன் மௌத்தாகிவிட்டாள். இப்போது அந்த நிகழ்ச்சியில் வேறொரு பிள்ளை கதைக்கிறாள். நல்ல குரல். நேற்றுக் கடல் சூடாவதைப் பற்றிச் சொன்னாள். பேசனுக்கு முன்னால் இருந்து கேட்டேன். நடுவில் ஓரிடத்தில் என் கை நின்றது. நிமிர்ந்து கதிரையைப் பார்த்தேன். வானொலி அடுத்த வசனத்துக்குப் போய்விட்டது.