தங்கை கூட்டிய பரிமாணம்

பல்கலைக்கழக இயற்பியல் துறையின் மூன்றாம் மாடியில் அக்காவுக்கு ஓர் அறை, தங்கைக்கு எதிர் அறை. அக்கா ஒன்பது ஆண்டுகளாக ஒரே சிக்கலைக் கட்டிக்கொண்டு அழுதவள். ‘ஸ்ட்ரிங் தியரி’ எனும் இழைக் கோட்பாட்டில் சவ்வுபோல் விரிந்த பொருள்கள் உண்டு. சிலவற்றை நெருங்க நெருங்க வெளியின் வளைவு கூடி, சவ்வின்மேல் முடிவிலியாகிவிடும். அதற்கப்பால் கணக்கு ஓடாது. துறையில் அவளுக்கே ‘முடிவிலி மேடம்’ என்று பட்டப்பெயர்.

தங்கை வேலைக்குச் சேர்ந்து நான்கு மாதம்தான். மதியம் சாப்பிடும்போது கேட்டாள்.

“ஏங்க்கா, இதையே ஒரு பரிமாணம் கூட்டிப் பாத்தியா?”

“பாக்காம இருப்பேனா?”

அக்கா பார்த்திருக்கவில்லை.

மூன்றே வாரத்தில் தங்கை ஆறு பக்கங்களை நீட்டினாள். அப்படி முடிவிலியில் முட்டும் மூன்று வகைச் சவ்வுகளில் ஒன்றுக்கு, பரிமாணத்தைக் கூட்டியதும் முடிவிலி மறைந்திருந்தது. அக்கா ஒன்பது ஆண்டுகளாக மல்லுக்கட்டிய சவ்வு அதுதான்.

“சரிபாத்துக் குடுக்கா. உன்னைவிட்டா எனக்கு யாரு?”

அக்காவுக்கு வயிறு எரிந்தது. பள்ளியிலும் இப்படித்தான், இவள் முட்டி மோதி வாங்கிய மதிப்பெண்ணை அவள் சிரித்துக்கொண்டே வாங்கிவிடுவாள். அக்கா சல்லடை போட்டுத் தப்பு தேடினாள். நான்காம் பக்கத்தில் ஒரு மைனஸ் குறி விட்டுப்போயிருந்தது. அன்று வயிறாரச் சாப்பிட்டாள்.

“எல்லாம் சரியா இருக்கு” என்று தாள்களைத் திருப்பிக் கொடுத்தாள். தங்கை இதைப் பேசவிருந்த துறைக் கருத்தரங்கில் எல்லார் முன்னிலும் கேட்டு மானத்தை வாங்குவதாகத் திட்டம்.

கேள்வியைத் தயார்செய்யச் சரியான குறியோடு கணக்கைப் போட்டபோதுதான் கை நின்றது. மற்ற இரண்டு சவ்வுகளிலும் முடிவிலி மறைந்தது. தப்பைச் சொன்னால் தங்கை இன்னும் உயர்ந்துவிடுவாள்.

ஆனாலும் கருத்தரங்கில் வாய் சும்மா இருக்கவில்லை.

“நாலாம் பக்கத்துல ஒரு மைனஸ் விட்டிருக்க.”

தங்கையின் முகம் வெளுத்தது. கரும்பலகையில் திருத்தி எழுதினாள். சட்டென்று திரும்பினாள்.

“அக்கா, அப்போ மூணுமே சரியாயிடுது!”

அரங்கம் கைதட்டியது. வெளியே வந்ததும் தங்கை தாழ்ந்த குரலில் கேட்டாள்.

“இந்த மைனஸ் விட்டது உனக்கு எப்போ தெரியும்?”

“போன செவ்வாய்க்கிழமை.”

“அப்புறம்தானே எல்லாம் சரின்னு சொன்ன?”



கட்டுரை இருவர் பெயரிலும் வந்தது. தங்கைதான் விடாப்பிடியாகச் சேர்த்தாள். ஆனால் அடுத்த கணக்கைச் சரிபார்க்கக் கீழ்மாடிப் பேராசிரியரிடம் கொடுத்தாள். இப்போது அந்த மனிதரை மாடிப்படியில் கண்டாலும் அக்காவுக்கு எரிகிறது.