ஃபேன் ஓடாத காலை

சந்தவாசல் பக்கத்துக் கிராமத்துக் கன்னியம்மாவின் மகன் தென்னரசு அந்தக் குடும்பத்தின் முதல் பட்டதாரி. கழனி வேலையில் யாராவது கேட்டால் போதும், "எம்புள்ள ஆரணில கம்ப்யூட்டர்ல பொடவை வரையறான்" என்று அம்மா நிமிர்ந்து நிற்பாள். ஆரணியை ஒட்டிய சேவூரில், மொதலாளி சிவப்பிரகாசத்தின் தறிக்கூடத்தில் கம்ப்யூட்டருக்கு முன்னால் ஒரே ஒரு நாற்காலி. அவர்கூட அதில் உட்காருவதில்லை.

அந்த வெள்ளிக்கிழமை காலை அந்த நாற்காலி அவனுக்கு நெருப்பாய் இருந்தது. திரை இரண்டாவது தடவையாக நீலமாகிச் செத்தது.

"இன்னாபா, மறுபடியும் புட்டுக்கிச்சா?" சிவப்பிரகாசம் வாசலிலேயே நின்றார். "பத்தரைக்கு ராவுகாலம். அதுக்குள்ள தறி ஆரம்பிக்கணும். கல்யாணப் பொடவை, பொண்ணு வூட்டாரு வந்துகினு இருக்காங்க."

"ஆயிடும்ணா. பத்தே நிமிஷம்."

"இத தான் அப்பவும் சொன்ன."

முந்தானைப் படத்தைத் தறிக்குப் புரிகிற கோப்பாக மாற்ற அந்த மெஷினுக்கு அரை மணி பிடிக்கும். தென்னரசு பிராசஸரின் வேகத்தைக் கம்பெனி வைத்த அளவுக்கு மேலே முடுக்கி, நேற்று சாயங்காலம் அதைப் பத்து நிமிஷமாக்கியிருந்தான். இருட்டும்வரை முழு பாரத்தில் ஓட்டிப் பார்த்தும் ஒருமுறைகூட விழவில்லை. "எப்டிபா?" என்று மொதலாளி வாய்பிளந்தபோது, "படிச்சதுண்ணா" என்றான். இப்போது மெஷின் செத்தால் அந்தப் படிப்பும் சேர்ந்து சாகும்.

மெமரி மேல் சந்தேகம் வந்தது. அதன் வேகத்தை இறக்கினான். வேலை எவ்வளவு முடிந்தது என்று காட்டும் கோடு பாதி நிறைந்ததும் திரை நீலம். மின்சாரம் போதவில்லையோ என்று வோல்டேஜை ஒரு துளி ஏற்றினான். இம்முறை கால்வாசியிலேயே விழுந்தது.

கை நின்றது. மின்சாரப் பசிதான் காரணமென்றால் சோறு போட்டதும் எழுந்திருக்க வேண்டுமே, ஏன் இன்னும் சீக்கிரம் விழுகிறது? கம்ப்யூட்டர் டப்பாவைத் தொட்டான். சுட்டது. நேற்று சுடவில்லை.

அண்ணாந்து பார்த்தான். ஃபேன் ஓடவில்லை.

கூடத்தில் மொதலாளியின் மனைவி தேவகியும் இரண்டு பெண்களும் விடியலிலிருந்து பாவு பிணைத்துக்கொண்டிருந்தார்கள். தறியில் மிச்சமிருந்த ஒவ்வொரு நெடுக்கு இழையோடும் புது இழையைச் சேர்த்து, சாம்பல் தொட்ட விரலால் முறுக்குகிற வேலை. காற்று பட்டால் பட்டு இழை பறந்து சிக்காகிவிடும். ஜன்னலையும் சாத்திவிடுவார்கள். பாவு பிணைக்கிற வீட்டில் ஃபேன் சுவிட்சை யாரும் தொட மாட்டார்கள். அது தெரிந்தவன்தான், சுற்றுகிற ஃபேனுக்கு அடியில் சோதித்துவிட்டு ஜெயித்ததாக நினைத்தான்.

"இன்னும் எவ்ளோ நேரங்க்கா?" தேவகியைக் கேட்டான்.

"கால் மணி ஆவும் தம்பி. ஃபேன் கீன் போட்டுடாத, உனக்குப் புண்ணியமாப் போவுது!"

மணி ஒன்பது ஐம்பத்தைந்து. கால் மணி காத்திருந்து ஃபேன் போட்டு முடுக்கிய வேகத்தில் ஓட்டலாம். இன்னொரு தடவை விழுந்தால் முகூர்த்தம் போச்சு. பழைய வேகமென்றால் விழாது. ஆனால் நேற்றைய பெருமை நொண்டுவதை மொதலாளி பார்த்துக்கொண்டிருப்பார்.

எல்லாவற்றையும் கம்பெனி அளவுக்கே இறக்கினான். மீதி நேரம் இருபத்தெட்டு நிமிஷம் என்றது திரை.

"நேத்து பறந்துச்சு, இன்னிக்கு இன்னா நொண்டுது?"

"இதாண்ணா அதோட சொந்த நடை. நேத்து நான்தான் வெரட்டினேன். ஃபேன் காத்துல தாங்கிச்சு. இன்னிக்கி காத்து இல்ல, சூடு தாங்கல."

சிவப்பிரகாசம் கடிகாரத்தைப் பார்த்தார். அட்டை ஒன்றை எடுத்து டப்பாவுக்கு விசிறினார்.

"யோவ், காத்து!" தேவகி கத்தினாள்.

அட்டை கீழே விழுந்தது. கோடு ஊர்ந்தது. தொண்ணூறில் நின்றது. மறுபடியும் ஊர்ந்தது.

பத்து இருபத்தாறுக்குக் கோப்பு தறிக்குப் போனது. குறுக்கு இழையை ஏந்திய நாடா முதல் தடவையாக இந்தப் பக்கமிருந்து அந்தப் பக்கம் ஓடியபோதுதான் அவன் நாற்காலியில் சாய்ந்தான்.

"தென்னரசு" என்றார் சிவப்பிரகாசம். "நேத்து மாதிரி அதைப் பறக்க வுடு. ஆனா சோதிக்கிறத பாவு பிணைக்கிற நாள்ல சோதி."