பத்துக்கு நாலு போட்ட பிள்ளைகள்

டயர் கடை மாடியில் ஞாயிறுதோறும் பெயின்டர் அக்கா படம் வரையச் சொல்லிக்கொடுத்தாள். மற்ற ஆறு நாளும் கடைகளுக்கு போர்டு எழுதும் பிழைப்பு. வந்தவை பன்னிரண்டு பிள்ளைகள். பள்ளிக்கூடம் தள்ளிவிட்டவை, வீட்டில் அடிபடுபவை, வாயே திறக்காதவை. வாடகையும் வண்ணமும் ஓர் அறக்கட்டளையின் உபயம். அதன் அதிகாரிக்கு அக்கா வைத்த பெயர் பல்லுக்காட்டி.

பல்லுக்காட்டியிடம் ஒரு படிவம் உண்டு. சேரும்போது ஒவ்வொரு பிள்ளையும் தன் மனசு எவ்வளவு நன்றாக இருக்கிறது என்று பத்துக்கு மார்க் போட வேண்டும். வருஷக் கடைசியில் மறுபடியும். ஏறியிருந்தால்தான் அடுத்த வருஷம் பணம்.

சேர்ந்த அன்று அத்தனை பேரும் பத்து போட்டார்கள். முன்பின் தெரியாதவளிடம் வீட்டுச் சங்கதியை அவிழ்க்க அதுகளுக்கென்ன பைத்தியமா? வருஷம் முடிவதற்குள் அக்காவோடு ஒட்டிக்கொண்டன, உண்மையை எழுதின. மூன்று, ஐந்து, இரண்டு. எட்டு மாதம் பேசாமலிருந்த வெல்டர் மகள் நாலு போட்டாள். அக்காவுக்குப் பெருமை தாங்கவில்லை. அப்படியே அனுப்பிவைத்தாள். வந்தது வினை.

"என்னம்மா, சிரிச்சிட்டு வந்த புள்ளைங்கள அழவச்சு அனுப்பியிருக்கீங்க?" என்றார் பல்லுக்காட்டி.

"வர்றப்ப பொய் சொல்லுச்சுங்க சார். இப்பதான் நெஜம் சொல்லுதுங்க."

"நெஜத்துக்கு இதுல கட்டம் கெடையாது. ரெண்டு தாள்லயும் தேதிய மாத்திப் போட்டுடுங்க. எல்லாரும் அதான் பண்றாங்க." சொல்லிக்கொண்டே பிஸ்கட்டை நீட்டினார். அக்கா தாள்களை மட்டும் எடுத்துக்கொண்டு எழுந்தாள்.

அக்காவின் புருஷனோ, "தேதிதானேடி, என்னமோ சொத்த எழுதிக் குடுக்கிற மாதிரி துள்ளுற!" என்றார்.

ஞாயிறன்று விஷயத்தைக் கேட்டதும் வெல்டர் மகள் கை நீட்டினாள். "தாளக் குடுங்கக்கா. பத்துன்னே எழுதித் தரேன். எனக்குப் பழக்கந்தான்."

"எழுதுன, கைய ஒடிச்சிடுவேன்," என்றாள் அக்கா. தாள்களை அப்படியே திருப்பி அனுப்பினாள்.

'பயனாளிகளின் மனநலத்தில் வீழ்ச்சி' என்று கடிதம் வந்தது. பணம் ஒரு சிரிப்பு முகாமுக்குப் போனது. அங்கே காலையில் ஒன்று போட்டவர்களெல்லாம் சாயங்காலம் பத்து போட்டார்களாம். நல்ல வைத்தியம்! மாடியில் டயர் அடுக்கிவிட்டார்கள். அக்கா தன் வீட்டு வாசலில் வகுப்பு வைத்தாள். ஐந்து பேர் வந்தார்கள்.

வராத வெல்டர் மகளைத் தேடிப் போனாள். அப்பன்காரன் கதவுக்குக் குறுக்கே நின்றான்.

"கண்ட வீட்டுக்கெல்லாம் பொம்பளப் புள்ளய அனுப்ப முடியாது. அவ நல்லாத்தான் இருக்கா. கேட்டுக்க."

"நல்லா இருக்கேன்க்கா," என்றது அவன் முதுகுக்குப் பின்னாலிருந்து குரல்.

அக்கா தெருவில் காறித் துப்பிவிட்டு நடந்தாள்.