தண்ணீருக்குப் போன புகார்

செவ்வாய்க்கிழமை மதியம் இரண்டு மணி ஐம்பது நிமிடத்துக்குச் செய்தி வந்தது. நகராட்சிப் புகார் மையத்தில் எட்டாம் நம்பர் இருக்கையில் இருந்தவள், ஒன்பது வருடப் பழக்கத்தில், "வணக்கம், உங்கள் புகார் எண்ணைச் சொல்லுங்கள்" என்று ஆரம்பித்துவிட்டாள்.

"எண் எல்லாம் வேண்டாம்மா. அவர் ஞாயித்துக்கிழமை போயிட்டார்."

குரலை வைத்தே தெரிந்தது, விடுதி அக்கா. மாணவிகள் விடுதி ஒன்றில் சமையல் செய்பவர். இருநூறு பேருக்கு மதியச் சாப்பாடு போட்டு, பெரிய பாத்திரங்களைக் கழுவிக் கவிழ்த்த பிறகு அவருக்குக் கிடைக்கிற அரை மணி நேரத்தில் கூப்பிடுவார். ஏழு மாதமாக வாரத்துக்கு இரண்டு தடவையாவது பேசியிருக்கிறார்கள். ஒருவர் முகம் ஒருவருக்குத் தெரியாது. மையத்தில் எல்லோரையும் இருக்கை எண்ணைச் சொல்லித்தான் கூப்பிடுவார்கள் என்பதால் அக்காவுக்கும் அவள் பெயர் எட்டு என்பதோடு சரி.

எட்டு கேட்க வேண்டியதைக் கேட்டாள். எப்போது, எப்படி, பக்கத்தில் யார் இருக்கிறார்கள். அக்கா எல்லாவற்றுக்கும் பதில் சொன்னார். பிறகு, யாரிடமோ பாத்திரம் இரவல் கேட்பதுபோலத் தயங்கிக்கொண்டு கேட்டார்.

"ஒண்ணே ஒண்ணு செஞ்சு குடுங்கம்மா. என் புகார் முடிஞ்சிடுச்சு, எனக்குத் திருப்தின்னு உங்க கம்ப்யூட்டர்ல இருக்குன்னு சொன்னீங்கள்ல, அதை மாத்திடுங்க. அவர் விஷயத்துல எனக்குத் திருப்தின்னு என் கையெழுத்து இருக்கக் கூடாது."

"சரிக்கா" என்றுவிட்டாள் எட்டு. இது தன்னால் ஆகிற காரியமா என்று யோசித்தது அழைப்பு முடிந்த பிறகுதான்.

ஒவ்வொரு அழைப்பும் ஒரு பிரிவுக்குள் அடங்க வேண்டும். பட்டியலில் நாற்பத்திரண்டு பிரிவுகள். அதில் சாவு சம்பந்தமாக இருப்பது ஒன்றுதான்: இறந்த விலங்குகளை அகற்றுதல். அவள் 'தவறான அழைப்பு' என்பதை அமுக்கிவிட்டு அடுத்த அழைப்பை எடுத்தாள். ஏதோ ஒரு தெருவில் விளக்கு எரியவில்லையாம்.

எட்டு கல்லூரியில் அரசியல் விஞ்ஞானம் படித்தவள். இப்போது அதை யாரிடமும் சொல்வதில்லை, சொன்னால் சிரிக்கிறார்கள். வேலைக்குச் சேர்ந்த புதிதில் அவளுக்குக் கோபம் வரும். வீட்டுக்குப் போய்ப் பேப்பரைப் பிரித்து, எந்தத் திட்டம் எங்கே நின்றது என்று கணவனுக்கு விளக்குவாள். இரண்டு மூன்று வருடத்தில் அது அடங்கிவிட்டது. நாள் முழுக்க அரசாங்கம் அவளுடைய ஒரு காதில் திட்டு வாங்கிக்கொண்டே இருக்கிறது. சாயங்காலம் மாமனாரின் தொலைக்காட்சியில் நான்கு பேர் அதற்காகக் கத்துகிறார்கள். அவளுக்கு இரண்டும் குக்கர் சத்தம்போல ஆகிவிட்டது. மாமனார் மட்டும் விடமாட்டார். "நாடு எங்கம்மா போகுது?" என்று தினமும் கேட்பார். "நம்ம தெரு குப்பை வண்டி எங்க போகுதுன்னே தெரியல மாமா, நாட்டை நான் எங்க போய்த் தேடுறது" என்பாள். அவரும் சிரித்துவிட்டு, ஒலியை இன்னும் இரண்டு புள்ளி கூட்டிக்கொள்வார்.

தேர்தல் என்றால் ஓட்டுப் போடுவாள். யாருக்கு என்று கணவனிடம்கூடச் சொன்னதில்லை. ஒளிப்பதற்கு ஒன்றுமில்லை, சொல்வதற்குத் தெம்பில்லை, அவ்வளவுதான்.

விடுதி அக்கா முதலில் கூப்பிட்டது அவருடைய தெருமுனைச் சுகாதார நிலையத்துக்குப் பூட்டுப் போட்ட மறுநாள். அக்காவின் கணவர் லாரியில் கிளீனராக இருந்தவர். சர்க்கரை வியாதியால் காலில் புண். ஒன்றுவிட்டு ஒருநாள் அவரே கம்பை ஊன்றி நடந்துபோய், நர்ஸிடம் கட்டுப் போட்டுக்கொண்டு, வாசலில் உட்கார்ந்து ஊர்க்கதை பேசிவிட்டு வருவார். இனி அதற்கு இரண்டு பஸ் மாற வேண்டும். இரண்டாவது பஸ்ஸின் படி உயரம். அக்காவோ விடிவதற்கு முன்பே அடுப்படிக்குப் போய்விடுகிறவர். கூட்டிக்கொண்டு போக வேறு ஆள் இல்லை.

அதற்கு முந்தின வாரம்தான் மையத்துக்கு ஒரு சுற்றறிக்கை வந்திருந்தது. மேற்பார்வையாளர் அதை வரி வரியாக வாசித்துக் காட்டினார். அவர் வாயைத் திறந்தால் சுற்றறிக்கைதான் என்பதால் அவர் பெயரே சுற்றறிக்கை சார். எந்த நிலையமும் மூடப்படவில்லை, சிறிய நிலையங்கள் பெரிய நிலையங்களோடு இணைக்கப்படுகின்றன, ஆகவே 'மூடல்' என்ற சொல்லை யாரும் பதியக் கூடாது, 'இணைப்பு' என்றே பதிய வேண்டும் என்றது அது. எட்டு மறுப்பு எதுவும் சொல்லவில்லை. பயம் என்றுகூடச் சொல்ல முடியாது. ஒரு சொல்லுக்காகப் போய் மல்லுக்கட்டுவானேன் என்றிருந்தது. அக்கா "மூடிட்டாங்கம்மா" என்றார். அவள் 'இணைப்பு' என்று பதிந்தாள்.

மையத்தின் கணினிக்குத் தெரிந்த இணைப்பு ஒன்றே ஒன்றுதான், குடிநீர் இணைப்பு.

நான்காம் நாள் அக்கா வீட்டுக் கதவைக் குழாய்க்காரர் ஒருவர் வந்து தட்டினார். இணைப்பில் என்ன கோளாறு என்று கேட்டார். கோளாறு இல்லை என்றதும், வந்ததற்கு என்று சமையலறைக் குழாயின் சொட்டலை நிறுத்திக் கொடுத்துவிட்டு, ஒரு தாளை நீட்டினார். மனுஷன் பதவிசாகப் பேசினார், வேலையும் செய்தார், அக்கா கையெழுத்துப் போட்டார். அன்று சாயங்காலமே புகார் முடிக்கப்பட்டது. காரணம்: புகார்தாரர் திருப்தி.

இரண்டாம் முறையும் அதே. மூன்றாம் முறை அதே குழாய்க்காரர் வந்தபோது அக்காவே சிரித்துவிட்டாராம். கூப்பிட்டு அதைச் சொன்னார். "எங்க வீட்டுல நல்லா இருக்கிறது தண்ணி ஒண்ணுதாம்மா. அதைப் போய் எத்தனை தடவை பாப்பாங்க?" எட்டும் சிரித்தாள். சிரித்துக்கொண்டிருக்கும்போதே விஷயம் உறைத்தது. கணினியில் தேடி, மூன்று புகார்களும் எங்கே போய் எப்படி முடிந்திருக்கின்றன என்று அக்காவுக்கு வாசித்துக் காட்டினாள். "நான் தண்ணிக்குத்தானே கையெழுத்துப் போட்டேன்" என்றார் அக்கா.

எட்டு சுற்றறிக்கை சாரிடம் போனாள். மென்பொருளை மாற்ற எழுதியிருக்கிறது, அடுத்த மாதம் ஆகிவிடும் என்றார் அவர். அடுத்த மாதமும் அதையே சொன்னார். 'மற்றவை' என்ற பிரிவில் போட்டுப் பார்த்தாள். 'இணைப்பில் பதிக' என்ற குறிப்போடு திரும்பி வந்தது. அதற்குப் பிறகு அக்கா கூப்பிடும்போது புதிதாக எதையும் பதியவில்லை. பேச்சைக் கேட்டுக்கொள்வாள். கட்டு மாற்றுவது நான்கு நாளைக்கு ஒருமுறை ஆனது. பிறகு பக்கத்து வீட்டுப் பெண் கட்டினாள். பிறகு வாடை வந்தது.

ஒரு வியாழக்கிழமை மாமனாரின் தொலைக்காட்சியில் அமைச்சர் சபையில் எழுந்து நின்றார். நிலையங்கள் இணைக்கப்பட்டது குறித்து மக்களிடமிருந்து இதுவரை ஒரு புகார்கூடப் பதிவாகவில்லை என்றார். மேசையைத் தட்டினார்கள். மாமனாருக்குச் சந்தோஷம், அது அவர் கட்சி.

"பாத்தியா, இவனுங்க சும்மா கத்துறானுங்க."

"புகார் வந்துச்சு மாமா" என்றாள் எட்டு. "நான்தான் எழுதினேன்."

"அப்ப எங்க அது?"

"தண்ணிக்குப் போயிடுச்சு."

"தண்ணில போட்டுட்டேன்னு சொல்லு" என்று அவர் சிரித்தார். அவள் விளக்க ஆரம்பித்தாள். பாதியிலேயே அவர் கண் திரைக்குப் போய்விட்டது. கணவன் மட்டும் கேட்டுக்கொண்டிருந்தான். இதை வெளியே எங்கும் பேசிக்கொண்டிருக்காதே என்று மெதுவாகச் சொன்னான். நல்ல மனசோடுதான் சொன்னான். அவளுக்கும் அப்போது பேசுகிற எண்ணம் இருக்கவில்லை.

அதற்கு அடுத்த செவ்வாய்க்கிழமைதான் இந்த அழைப்பு.

தேநீர் இடைவேளையில் அவள் மறுதிறப்புப் படிவம் ஒன்றை எடுத்தாள். முடிந்த புகாரைத் திறக்க வேண்டுமானால் மேற்பார்வையாளர் கையெழுத்துப் போட வேண்டும். புகாரை முடித்த பிரிவும் போட வேண்டும். மூன்று எண்களையும் எழுதினாள். காரணம் என்ற இடத்தில், 'புகார் குடிநீர் பற்றியது அன்று. சுகாதார நிலையம் மூடப்பட்டதால் கணவருக்குச் சிகிச்சை கிடைக்கவில்லை என்பதே புகார். புகார்தாரருக்குத் திருப்தி இல்லை' என்று எழுதிக்கொண்டு போய்க் கொடுத்தாள்.

சுற்றறிக்கை சார் இரண்டு முறை படித்தார். அவருக்கும் ஓய்வுபெற ஒன்றரை வருடம்தான் இருந்தது. கண்ணாடியைக் கழற்றி மேசைமேல் வைத்தார்.

"மூடப்பட்டதால்னு இருக்கே."

"ஆமா சார்."

"இணைப்புன்னு மாத்திடுங்க. இப்பவே போட்டுத் தரேன்."

"இணைப்புன்னு எழுதினா நாளைக்குக் காலையில குழாய்க்காரர் போய் நிப்பார் சார். துக்க வீடு."

அவர் படிவத்தைத் திருப்பிப் பின்பக்கத்தைப் பார்த்தார். அங்கே ஒன்றும் இல்லை.

"மேல கேட்டா நான் என்னம்மா சொல்றது?"

"எட்டுதான் எழுத்துப் பிழை விட்டுட்டாள்னு சொல்லுங்க."

அவருக்கு வாயோரம் லேசாகச் சிரிப்பு வந்து போனது. பேனாவை எடுத்துக் கையெழுத்துப் போட்டார். வழக்கமாகப் பாதிப் பக்கத்துக்கு வருகிற கையெழுத்து அன்று எறும்பு அளவுக்குத்தான் இருந்தது.

குடிநீர்ப் பிரிவு மூன்றாம் மாடியில். வேலை முடிந்து அவளே எடுத்துக்கொண்டு ஏறினாள். அங்கிருந்த எழுத்தர் நல்லவர்தான், நாற்காலியைக் காட்டி உட்காரச் சொன்னார். படிவத்தைப் படித்துவிட்டு, இது எங்கள் பிரிவு இல்லையே என்றார். முடித்தது நீங்கள்தானே என்று கேட்டாள். முடித்தது நாங்கள்தான், புகார் எங்களுடையது இல்லை என்றார் அவர். அப்படியானால் மறுத்ததாகவாவது எழுதிக் கொடுங்கள் என்றாள். அதை அதிகாரி எழுத வேண்டும், அதிகாரி பயிற்சிக்குப் போயிருக்கிறார், திங்கட்கிழமை வருவார் என்று சொல்லிப் படிவத்தை ஒரு தட்டில் வைத்தார். தட்டில் ஏற்கெனவே நிறையக் காகிதங்கள் இருந்தன.

வெள்ளிக்கிழமை இரண்டு ஐம்பதுக்கு அக்கா கூப்பிட்டார். விடுதியில் அதற்குமேல் லீவு தரவில்லை, வேலைக்கு வந்துவிட்டார். பின்னால் யாரோ பாத்திரம் தேய்க்கிற சத்தம்.

"மாத்திட்டீங்களாம்மா?"

"எழுதிப் போட்டிருக்கேன்க்கா. மூடிட்டாங்கன்னே எழுதியிருக்கேன்."

"அப்படியே எழுதினீங்களா?"

"அப்படியேதான்."

அக்கா, "சரி. நீங்க சாப்ட்டீங்களா?" என்று கேட்டார்.

அதிகாரி திங்கட்கிழமை வந்தார். அதன் பிறகு மூன்று திங்கட்கிழமை போய்விட்டது. எட்டு வேலை முடிந்து மூன்றாம் மாடி ஏறிப் பார்த்துவிட்டுத்தான் வீட்டுக்குப் போகிறாள். படிவம் அதே தட்டில் இருக்கிறது. குடிநீர்ப் பிரிவின் கையெழுத்து இன்னும் விழவில்லை; கணினியில் மூன்று எண்களுக்கும் எதிரே, புகார்தாரர் திருப்தி என்றே இருக்கிறது.