சோற்றுக்கு முறிப்பு

கல்முனைக் கடைத்தெருவில் சாக்கு ஸைனுலாப்தீனைத் தெரியாத ஆள் இல்லை. நெல்லுச் சாக்கும் கயிறும் விற்கிறவர் என்பதால் வந்த பெயர் அது. ஆளுடைய வயிறும் அந்தப் பெயருக்குக் கொஞ்சம் ஒத்தாசை செய்தது என்று சொன்னால் கோபிப்பார். கோபிக்கட்டும், இல்லாததையா சொல்கிறோம். வேளாண்மைக் காலத்தில் யானைக் காவலுக்குத் தனியாகப் போனவர், வாய்க்கால் தண்ணீருக்கு வந்த சண்டையில் மண்வெட்டியை ஓங்கியவர். ஆனால் ஊசியைக் கண்டால் மட்டும் சாறன் அவிழ்வது தெரியாமல் ஓடுவார்.

அந்த ஊசியைத்தான் போன கிளினிக்கில் டொக்டர் எடுத்துப் பேசினார். இரத்தத்தில் சீனி இப்படியே நின்றால் அடுத்த முறை மாத்திரை சரிவராது, தினமும் வயிற்றில் இன்சுலின் குத்த வேண்டியதுதான் என்று பச்சையாகச் சொல்லிவிட்டார். வெளியே வந்தவரை மிஸ்ஸி பிடித்து நிறுத்தி, தாதிமார் சொல்கிற புத்தியெல்லாம் சொன்னாள். வெள்ளைச் சோற்றையும் கோதுமை மாவையும் குறையுங்கள், சிவப்பரிசிக்கு மாறுங்கள், சோற்றுக் கோப்பையில் பாதிக்குக் கீரையும் மரக்கறியும் வையுங்கள், வெந்தயமும் கறுவாப்பட்டையும் சேர்த்தாலும் நல்லதுதான் என்றாள். ஸைனுலாப்தீன் தலையை ஆட்டி ஆட்டிக் கேட்டார். பிறகு அதில் முதல் பாதியைக் கிளினிக் வாசலிலேயே விட்டுவிட்டு, கீரையையும் கறுவாவையும் மட்டும் எடுத்துக்கொண்டு மோட்டார் சைக்கிளை உதைத்தார்.

அவரைச் சொல்லியும் குற்றமில்லை. எங்கள் பக்கத்தில் எதைத் தின்றாலும் அதற்கொரு முறிப்பு உண்டு. பலாப்பழம் தின்றால் ஒரு துண்டு இஞ்சி, அன்னாசிக்கு உப்பும் மிளகும், சூட்டுச் சாமான் தின்றால் ஒரு கோப்பை மோர். ஒன்று செய்கிற கெடுதியை இன்னொன்று முறிக்கும் என்று பிறந்ததிலிருந்து கேட்டு வளர்ந்தவர் வேறு எப்படி யோசிப்பார்? வெள்ளைச் சோறு சீனியைக் கூட்டுமா, கூட்டட்டும். அதை முறிக்கிற சாமானைப் பக்கத்தில் வைத்தால் வேலை முடிந்தது. ஊசியிலிருந்து தப்புகிற வழி இவ்வளவு லேசானது என்பது இத்தனை படித்த டொக்டருக்குத் தெரியவில்லையே என்று அவருக்குப் பரிதாபமாகக்கூட இருந்தது.

அன்றிலிருந்து வீடு மருந்துச் சாலையானது. சுபஹ் தொழுதுவிட்டு வந்தால் ஊறவைத்த வெந்தயத் தண்ணீர், பிறகு கறுவா போட்ட வெறும் தேநீர், காலையில் கோதுமை மா இடியப்பத்துக்குக் குறிஞ்சா இலைச் சம்பல். பகலைக்கு வெள்ளைக் கீரிச்சம்பாச் சோறு, அதற்கு முறிப்பாகப் பொன்னாங்காணிச் சுண்டல், முருங்கையிலைச் சுண்டல், பாவக்காய், வாழைப்பூ. கண்டுபிடிப்பெல்லாம் அவருடையது, அம்மியும் அரிவாள்மணையும் அவருடைய மனைவி றகுமத்தும்மாவுடையது. கீரையை ஆய்வதும் கறுவாவை இடிப்பதும் பாவக்காயைப் பிழிவதுமாக அந்த மனிசிக்கு பின்னேரம் அஸர் பாங்கு சொல்கிற வரைக்கும் இடுப்பு நிமிராது. அவர் வந்து சோற்றுக் கோப்பையில் கை வைத்துவிட்டு, வாழைப்பூ கொஞ்சம் கைக்கிறது என்பார்.

கடையில் பிரசங்கம் வேறு. காரைதீவிலிருந்து சாக்கு வாங்க வந்த கந்தப்போடியார் ஒரு நாள் வசமாக மாட்டிக்கொண்டார். மேசையில் ஒரு போத்தலில் வறுத்த தவிடு இருந்தது. அது என்ன என்று கேட்டதுதான் அவர் செய்த பிழை. நார்ச்சத்து முழுக்கத் தவிட்டில்தான் இருக்கிறது, மில்லில் கேட்டு வாங்கி வறுத்துச் சோற்றில் தூவித் தின்கிறேன், சீனி அப்படியே முறிந்துவிடும் என்று ஸைனுலாப்தீன் நீட்டி முழக்கினார். கந்தப்போடியார் போத்தலைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

“ஏன் முதலாளி, தவிட்டோட கிடந்த அரிசியை மில்லுல குடுத்துத் தீட்டி, மறுகா அந்தத் தவிட்டையே வாங்கி அதுக்கு மேல போடுறீங்களா? தீட்டாமலே திண்டா என்ன?”

“போடியார், சிவப்பரிசி திண்டா சோறு திண்ட மாதிரியா இரிக்கும்?”

கந்தப்போடியார் பெரிய மனிதர், அதற்கு மேல் கதைக்கவில்லை. தன் வீட்டில் அந்தத் தவிட்டை மாடுதான் தின்கிறது என்பதையும் சொல்லாமல் சாக்கைக் கட்டிக்கொண்டு போனார்.

தவிட்டுப் போத்தல் கலியாண வீட்டுக்கும் போகத் தொடங்கியது. ஆறு பேர் சுற்றியிருந்து ஒரே சஹன் தட்டில் கை போடுகிற இடத்தில், புரியாணிக்கு மேலே அவர் பிஸ்மி சொல்லித் தவிட்டைத் தூவினார். தன் பக்கத்துக்கு மட்டும் தூவியிருந்தாலும் பரவாயில்லை, எல்லாருடைய சீனியையும் முறித்துவிடுகிற நல்லெண்ணத்தில் சஹன் முழுவதும் தூவினார். எதிரே இருந்த ஜெஸீமுக்குத் தும்மல் வந்தது. மற்றவர்கள் அல்ஹம்துலில்லாஹ் என்று நேரத்தோடு எழும்பிவிட, மிச்சம் முழுவதும் அவருக்கானது. அதற்கும் முறிப்பு வேண்டுமே என்று வீட்டுக்கு வந்து இன்னொரு வெந்தயத் தண்ணீர் கேட்டார்.

ஆனால் ஒன்று, வீட்டில் அவருடைய சோறு குறைந்தது. குறைக்க நினைத்ததால் அல்ல. அவ்வளவு கீரையும் காயும் போன வயிற்றில் சோற்றுக்கு எங்கே இடம்? பாதியிலேயே ஏப்பம் வந்துவிடும். மிஸ்ஸி சொன்னதை அவருடைய வயிறு அவருக்குத் தெரியாமல் செய்துகொண்டிருந்தது, பெயரைக் கறுவா தட்டிக்கொண்டு போனது.

சுண்டல் மருந்து என்றாகிவிட்டதால் அதை வேறு யாரும் தொடக் கூடாது. மகள் நஸ்லாவுக்குச் சீதனமாக முன்வீட்டைக் கொடுத்துவிட்டு அவர்கள் இருவரும் பின்னாலிருந்த சின்ன வீட்டில் இருந்தார்கள். ஒரு நாள் நஸ்லா வந்து பொன்னாங்காணியில் இரண்டு கரண்டி எடுத்துவிட்டாள். தன் மாத்திரையை யாரோ விழுங்கிவிட்டதுபோல வாப்பா பார்த்த பார்வையில் அவள் பாதியைத் திருப்பிச் சட்டியில் போட்டாள். உம்மா மெலிந்துகொண்டு போகிறா, அடிக்கடி தண்ணீர் குடிக்கிறா, ஊசியில் நூல் கோக்கக்கூடக் கண் தெரியவில்லை என்று அன்றைக்கு அவள் வாப்பாவிடம் சொல்லவும் செய்தாள். வயசு போனால் அப்படித்தான் என்றுவிட்டு அவர் பாவக்காயை இழுத்து வைத்துக்கொண்டார்.

கிளினிக் நாள் வந்தது. துணைக்கு றகுமத்தும்மாவையும் கூட்டிப் போனார். உள்ளே போகும்போது முகத்தில் ஈயாடவில்லை, வெளியே வரும்போது நெஞ்சு நிமிர்ந்திருந்தது. சீனி நன்றாக இறங்கிவிட்டது, ஊசி வேண்டாம், இப்படியே சாப்பிடுங்கள் என்று டொக்டர் சொல்லிவிட்டார். ஸைனுலாப்தீன் வாங்கில் உட்கார்ந்து காத்திருந்த சனத்துக்கு அங்கேயே முறிப்புப் பாடத்தைத் தொடங்கினார். மிஸ்ஸி அவருடைய வாயை அடைக்க நினைத்தாளோ என்னவோ, கூட வந்தவர்களுக்கும் பார்க்கிறோம் என்று றகுமத்தும்மாவின் விரலைக் கேட்டாள்.

“எனக்கென்னத்துக்கு மிஸ்ஸி, சீனி வருத்தம் இவருக்குத்தானே.”

மிஸ்ஸி குத்திப் பார்த்தாள். மெசினை ஒரு தட்டுத் தட்டிவிட்டு இன்னொரு விரலில் குத்தினாள். பிறகு கையைப் பிடித்து டொக்டரிடம் கூட்டிக்கொண்டு போனாள். தாகம், மெலிவு, கண் மங்கல் என்று டொக்டர் கேட்டதற்கெல்லாம் அந்த மனிசி ஓம், ஓம் என்றே சொன்னாள். என்ன சாப்பிடுவீங்க என்று கேட்டபோது மட்டும், எல்லாருக்கும் தெரிந்ததை ஏன் கேட்கிறார் என்பதுபோல அவரைப் பார்த்தாள்.

“இவர் திண்டு முடிஞ்ச பொறகு கெடக்கிற வெள்ளச் சோறும் ஆணமும். இப்ப சோறு கூட மிஞ்சுது. அல்லாஹ் தந்த ரிஸ்க்கு, சோத்தக் கொட்ட ஏலுமா?”

இது இன்று நேற்று வந்ததில்லை, கன காலமாக இருந்திருக்கிறது, யாரும் பார்க்கவில்லை என்றார் டொக்டர். இருக்கிற சீனி அளவுக்கு மாத்திரை போதாது, இப்போதைக்கு ஊசிதான் என்றும் சொன்னார். பயம் வந்தால் ஸைனுலாப்தீனுக்குக் கோபம்தான் வரும்.

“வெந்தயம் குடி, கீர தின்னு எண்டு ஊருக்கே சொல்லிட்டுத் திரியிறன். ஊட்டுக்குள்ள இரிந்த நீ கேட்டியா?”

“கேட்டன். நீங்க மிச்சம் வெச்சாத்தானே.”

குத்திக் காட்டுவதற்காகச் சொன்னதில்லை. ஆணத்துக்கு உப்புப் போதுமா என்று கேட்கிற அதே குரலில்தான் சொன்னாள்.

மறைப்புத் திரைக்குப் பின்னால் மிஸ்ஸி ஊசியைக் காட்டிக் கொடுத்தாள். றகுமத்தும்மா கண்ணுக்குக் கிட்டே பிடித்துப் பார்த்தும் அளவுக் கோடு தெரியவில்லை. வீட்டில் யாராவதுதான் குத்த வேண்டும், நீங்களே பழகிக்கொள்ளுங்கள் என்று மிஸ்ஸி அதை ஸைனுலாப்தீனின் கையில் வைத்தாள். மண்வெட்டி ஓங்கிய கை வெடவெடவென்று ஆடியது, நெற்றியில் வேர்வை இறங்கியது. றகுமத்தும்மா சேலையைக் கொஞ்சம் விலக்கிவிட்டு, அவருடைய நடுக்கம் அடங்கட்டும் என்று காத்திருந்தாள்.