மடித்த தாளில் ஒரு ஜோடி ஆந்தை

பெர்சிஸ் டீச்சர் போன மழைக்காலத்தில் காலமானார். பர்மாவில், பபேடான் பக்கம் யாரைக் கேட்டாலும் முதலில் ஆந்தைக் கதையைத்தான் சொல்கிறார்கள். பாதி உண்மை, பாதி ஜோடனை. நடந்தது இதுதான்.

அவர் அரசு அலுவலகத்தில் தட்டச்சராக இருந்தவர். போட்டாதாங் கப்பல்துறைக்குப் பக்கத்துக் கட்டடம். கப்பல் ஊதினால் ஜன்னல் கண்ணாடி அதிரும். அலுவலகம் புதிய தலைநகருக்கு மூட்டை கட்டியபோது அவர் போகவில்லை. கணவர் டேனி இறந்து அதிக காலம் ஆகியிருக்கவில்லை. மகள் ஷாரோன் தொழில்நுட்பக் கல்லூரியில் கட்டட வரைபடம் படித்துக்கொண்டிருந்தாள். "கல்லறை இங்க, பிள்ளை இங்க. நான் அங்க போய் யாருக்கு டைப் அடிக்க?" என்றார்.

பபேடானில் ஒரு மாடியில் மழலையர் பள்ளி இருந்தது. அங்கே உதவியாளாகச் சேர்ந்தார். மூக்குத் துடைப்பது, செருப்பு மாட்டிவிடுவது, கன்னத்தில் கலைந்த தனாக்காச் சந்தைப் பூச்சைச் சரிசெய்வது. பாடம் எடுப்பது வேறொரு பெண். அந்தப் பெண் கல்யாணமாகி மாண்டலே போகிறாள் என்று தெரிந்தபோது பெர்சிஸ் பள்ளியின் உரிமையாளர் டோ கின் ஏயிடம் போய், வகுப்பை எனக்குத் தாருங்கள் என்று வாய்விட்டுக் கேட்டார். வாழ்க்கையில் அவர் தனக்கென்று எதையும் அப்படிக் கேட்டதில்லை.

டோ கின் ஏ சிங்கப்பூரில் ஹாலோவீன் என்னும் பேய்வேஷத் திருவிழாவைப் பார்த்துவிட்டு வந்திருந்தார். இங்கேயும் நடத்த வேண்டும் என்பது அவர் ஆசை. பெயருக்கு முன் மரியாதைக்கு 'டோ' சேர்த்து, பர்மியில் சொன்னார்: "பெத்தவங்க முன்னாடி ஒரு பாடம் எடுங்க, டோ பெர்சிஸ். வர்ணம் இருக்கணும், கணக்கு இருக்கணும், கொஞ்சம் பயமும் இருக்கணும். நல்லா வந்தா வகுப்பு உங்களுக்கு. வரலேன்னா வெளியிலேர்ந்து ஆள் எடுப்பேன்."

வீட்டில் அம்மாவும் மகளும் உட்கார்ந்து யோசித்தார்கள். இருபக்கச் சமத்தைச் சொல்லித் தரலாம் என்றாள் ஷாரோன். கெட்டித் தாளை இரண்டாக மடித்துப் பிரிக்க வேண்டும். மடிப்பை ஒட்டி, ஒரு பக்கத்தில் மட்டும் பாதி உருவத்தை வர்ணத்தால் தீட்ட வேண்டும். ஈரம் காய்வதற்குள் மடித்துத் தேய்த்துப் பிரித்தால் முழு உருவம். மடிப்புதான் மையக்கோடு.

"என்ன உருவம் போடறது? பேய்?"

"பேயா! பர்மாக்கார அம்மாமாரெல்லாம் பிள்ளையத் தூக்கிட்டு எறங்கிடுவாங்க. பாஸ்டர் காதுக்குப் போச்சுன்னா அது தனி."

"வௌவால்?"

"அது குடை மாதிரி இருக்கும்டி."

"அப்ப ஆந்தை."

"அதான்! ஆந்தை கத்தினா எங்கம்மா கல்லெடுத்துட்டு ஓடுவா."

இருவரும் இந்த ஊரில் பிறந்தவர்கள். பர்மியர் கடைகளின் கல்லாவுக்கு மேல் காகிதக்கூழில் செய்த பொன்னிற ஆந்தைகள் ஜோடியாக உட்கார்ந்திருப்பதைத் தினமும் பார்ப்பவர்கள். ஆனால் அது பொம்மை, இது ஆந்தை. இரண்டும் ஒன்றென்று அந்த மேசையில் யாருக்கும் உறைக்கவில்லை.

பாடம் நடக்கும் அன்று காலை தாய்மார்கள் சுவரோரம் வரிசையாக உட்கார்ந்தார்கள். மின்சாரம் இல்லை, விசிறி நின்றுவிட்டது. வர்ணம் சீக்கிரம் காயாது என்று பெர்சிஸ் உள்ளூர மகிழ்ந்தார். தான் தீட்டிய பாதிக் கறுப்பு ஆந்தையை மடித்தார், தேய்த்தார், குரலைத் தாழ்த்திக்கொண்டு பிரித்தார்.

"பயமா இருக்கா?"

பிள்ளைகள் கைதட்டினார்கள். "ஸீக்வெ! ஸீக்வெ!" என்று ஆந்தையைப் பர்மியில் கூப்பிட்டார்கள். ஒரு சிறுமி எழுந்து வந்து ஆந்தைக்கு முத்தம் கொடுத்தாள். உதட்டில் கறுப்பு.

சுவரோரம் இருந்த ஒரே ஆண் சசிகுமார், பருப்புக்கடைக்காரர். மனைவி பர்மியப் பெண். அவர் தமிழில் கிசுகிசுத்தார்: "என்னக்கா, எங்கப்பாரு இருந்தா ஆந்தையப் பார்த்ததும் எந்திரிச்சுப் போயிருப்பாரு. என் வீட்டுக்காரிக்கு அதான் அதிர்ஷ்டம். தினம் தொடைச்சு வக்கிறா. இதுங்களுக்குப் போய் பயங்காட்டுறீங்களே!"

"அட கடவுளே, கல்லா மேல வச்சிருப்பாங்களே, அதுவா?"

"அதேதான். அதுவும் ஜோடியா இருக்கணும். ஒருதரம் ஒண்ணு மட்டும் வாங்கிட்டுப் போனேன். அன்னிக்கு எனக்குச் சோறு இல்ல."

பெர்சிஸ் திரும்பிப் பார்த்தார். டோ கின் ஏயின் முகத்தில் சிரிப்பு இல்லை. அவர் கேட்டதில் பயம் போயிற்று. மிச்சம் இருப்பது கணக்கு மட்டுமே.

அதுவும் கோணியது. சசிகுமாரின் மகள் ரூபா, தாளின் ஒரு பக்கத்து நடுவில், மடிப்பைத் தொடாமல், முழு ஆந்தை ஒன்றை மஞ்சளில் தீட்டியிருந்தாள்.

"பாதிதான் போடணும் கண்ணு."

"பாதி ஆந்தைய யாரு வீட்டில வப்பா?" என்றாள் ரூபா, பர்மியில்.

பெர்சிஸின் கை புதுத் தாளுக்கு நீண்டது. வீட்டில் ஒத்திகை பார்த்த பாடம் அதுதான். கெட்டதை ஒதுக்கு, சரியானதைச் செய்யவை. பின்னால் டோ கின் ஏயின் சந்தன வாசனை நெருங்கி வந்து நின்றது. ரூபாவின் மஞ்சள் இன்னும் பளபளவென்று ஈரமாக இருந்தது.

புதுத் தாளை அவர் எடுக்கவில்லை. ரூபாவின் தாளை மடித்தார். "தேய்ம்மா." ரூபா தேய்த்தாள். பிரித்தார்கள்.

இரண்டு ஆந்தைகள்.

"ஜோடி வந்திருச்சு!"

பிறகு யாரும் பாதி தீட்டவில்லை. எல்லாருக்கும் மஞ்சள் வேண்டும், ஜோடி வேண்டும். ஒருத்தி மடிப்புக்கு மிக அருகில் தீட்டினாள். பிரித்தால் இரண்டும் முட்டிக்கொண்டு நின்றன. இன்னொருத்தி ஓரத்தில் தீட்டினாள். இரண்டும் கோபித்துக்கொண்டவை போல் ஆளுக்கொரு விளிம்பில். அதைப் பார்த்ததும் பெர்சிஸுக்குப் பாடம் எங்கே இருக்கிறதென்று பிடிபட்டது. அடுத்த தாளை மடித்து, பிரிக்காமல் பிடித்துக்கொண்டார்.

"இவ ஆந்தை மடிப்புக்குக் கிட்ட இருக்கா, தூரமா?"

"தூரம்!"

"அப்ப அதோட ஜோடி?"

பிள்ளைகள் யோசித்தார்கள். ஒரு விரல் தயங்கித் தயங்கி மறுபக்க ஓரத்தைத் தொட்டது. பிரித்தார். அங்கேதான் இருந்தது. கூச்சல் தெருவுக்குக் கேட்டிருக்கும். தாய்மார்கள் சுவரை விட்டு எழுந்து மேசையைச் சூழ்ந்துகொண்டார்கள். ஒருத்தி லுங்கியைச் செருகிக்கொண்டு தானே தூரிகையை எடுத்துவிட்டாள்.

எல்லாரும் போனபின் டோ கின் ஏ கேட்டார்: "எங்கிட்ட சொன்ன பாடம் இது இல்லையே?"

"இல்லைங்க, சயாமாஜி. ஆந்தைன்னா எல்லாருக்கும் பயம்னு நெனச்சேன். எங்க வீட்டு நெனப்பு. பாதி போட்டாத்தான் புரியும்னும் நெனச்சேன். ரெண்டும் தப்பு."

"அந்தப் பிள்ளை தாளை ஏன் மாத்தல?"

"ஈரமா இருந்துச்சு. என்ன வரும்னு எனக்கே பார்க்கணும் போல இருந்துச்சு."

டோ கின் ஏ மேசையைப் பார்த்தார். எங்கும் மஞ்சள்.

"பயமுறுத்த அடுத்த வருஷம் வேற ஏதாவது பாருங்க."

"அடுத்த வருஷமும் நானா?"

"உங்க வகுப்புக்கு வேற யாரு பார்ப்பா?"

பெர்சிஸ் நடந்தே வீட்டுக்கு வந்தார். பேருந்து ஞாபகமே வரவில்லை. படியேறும்போதே, "ஷாரோன், தாள் மிச்சம் இருக்கா?" என்று கேட்டார்.

"ஜெயிச்சியா இல்லியா, அதச் சொல்லும்மா."

"கெடைச்சிருச்சுடி. தாளக் கொண்டா. ரெண்டு தரம் மடிச்சா எத்தனை வரும்னு பார்க்கணும்."